பெயர்த்து நட்ட வீடுகள்: தட்சிணசித்ராவின் வரவும் இழப்பும்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வரும். டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்தும் இந்தப் பண்பாட்டு மையம் 1996இல் திறக்கப்பட்டது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து இங்கே மீண்டும் எழுப்புவது இதன் வழிமுறை. 1891இல் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் இதற்கு முன்னோடி.

செட்டிநாட்டில் பராமரிக்க ஆளில்லாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைபோயின. தூண் பிழைத்தது, வீடு பிழைக்கவில்லை. தட்சிணசித்ராவில் தூணைத் திண்ணையோடும் முற்றத்தோடும் சேர்த்தே பார்க்க முடிகிறது. இம்முறையின் பெரிய வரவு இதுதான்.

ஆனால் எல்லா வீடும் இப்படிப் பயணப்படாது. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சுரியானி கிறிஸ்தவர் வீடு மரத்தால் ஆனது. பொருத்துகளைக் கழற்றி மறுபடி பூட்டலாம். மண்சுவரை அப்படிக் கழற்ற முடியாது. விசாகப்பட்டினக் கரையோரத்து வட்டக் குடிசையான சுட்டில்லு போன்றவற்றைப் புதிதாகத்தான் கட்டியாக வேண்டும். ஆக, தேக்கு வாங்க வசதி இருந்தவரின் வீடே வருகிறது. இல்லாதவரின் வீட்டுக்குப் பதில் நகல்தான் வருகிறது. பார்வையாளருக்கோ இரண்டும் ஒரே அளவு பழமையாகத் தெரிகின்றன.

அடுத்த இழப்பு தெரு. இங்குள்ள திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு, அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்து, கோயிலை ஒட்டிய வரிசையில் நின்ற வகை. அந்தத் தெருவில் யார் கால் வைக்கக்கூடாது என்பதும் அதன் வரலாற்றில் சேர்ந்ததே. டிக்கெட் வாங்கிய எவரும் உள்ளே நுழையலாம் என்பது நல்ல மாற்றம். பழைய தடை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நினைவுச்சின்னத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கக்கூடாது, அதன் பாதுகாப்பு கோரும்போதோ மிக முக்கியமான தேசிய, சர்வதேச நலன் கருதியோ மட்டுமே நகர்த்தலாம் என்கிறது 1964இன் வெனிஸ் சாசனம். இருந்த இடத்திலேயே காப்பதும் குறையில்லாத வழியல்ல: ஓட்டல்களாக மாறிய செட்டிநாட்டு மாளிகைகள் தெருவை இழக்கவில்லை, ஆனால் அவற்றின் உள்கட்டு பெரும்பாலும் அறை எடுக்க வசதியுள்ளவர்களுக்கே. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்க்க முட்டுக்காடே தோது. எந்த உத்தரம் பழையது, எந்தச் சுவர் புதியது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழுதி வைத்தால், முதலில் சொன்ன குறை பாதி தீரும். தெருவின் இழப்புக்கு அப்படி எளிய தீர்வு இல்லை.