சரக்கு யார் கையில்?

குடவாசல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் போகிறது. சரக்கு விவசாயியுடையது, விலை கேட்பவர் வியாபாரி, கூடத்துக்குச் சேர்வது கட்டணம் மட்டும். ஏலத்தொகை முழுவதையும் கூடத்தின் வருவாயாக எழுதுவதை யாரும் ஒப்பமாட்டார்கள். அதே வட்டாரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115 கேட்பது ஒன்றைத்தான்: வாடிக்கையாளரிடம் போகும் முன் சரக்கு யார் கட்டுப்பாட்டில் இருந்தது? கட்டுப்பாடு உள்ளவர் முதன்மையாளர். விற்ற தொகை முழுவதும் அவர் வருவாய். இல்லாதவர் முகவர், தரகு மட்டுமே வருவாய். ஒப்படைக்கும் பொறுப்பு, சரக்கு தேங்கினால் வரும் நட்டம், விலை வைக்கும் உரிமை ஆகிய மூன்றும் கட்டுப்பாட்டின் அடையாளங்கள்.

இதன் பலம் பெரிது. குவிண்டால் 2,545 ரூபாய் வீதம் 10,000 குவிண்டால் நெல்லைக் கைமாற்றிவிட்டு, குவிண்டாலுக்கு 25 ரூபாய் தரகு பெறுபவரை எடுத்துக்கொள்வோம். அவர் வருவாய் இரண்டரை லட்சம். இரண்டரைக் கோடிக்கு மேல் காட்டினாலும் லாபம் மாறாது. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி ஏமாறும். அந்த வீக்கத்தைத் தரநிலை தடுக்கிறது.

பலவீனம் கொள்முதல் நிலையத்தில் தெரிகிறது. 2002 முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இந்திய உணவுக் கழகத்தின் முகவராக நெல் வாங்குவதாகவே அறிவிப்புகள் சொல்கின்றன. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156 ரூபாய். அந்த நெல்லை அரைத்துக் கிடைக்கும் அரிசி, குடும்ப அட்டைதாரருக்கு விலையின்றிப் போகிறது. விலை வைக்கும் உரிமை வாணிபக் கழகத்திடம் இல்லை. ஆனால் நெல்லை எடைபோட்டு வாங்குவதும், கிடங்கில் காப்பதும், அரைவைக்கு அனுப்புவதும் அதே கழகம். மூட்டை மழையில் நனைந்தால் முதலில் பதில் சொல்வதும் அதுவே. ஓர் அடையாளம் முகவர் என்கிறது, மற்றவை முதன்மையாளர் பக்கம் சாய்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்று தரநிலை வரையறுக்கவில்லை. கணக்கெழுதுபவரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பு ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும். நடுவில் நிற்க இடமில்லை.

பெயரைப் பார்க்காமல் கட்டுப்பாட்டைப் பார்க்கும் இந்த முறை சரியானதே. அதைக் கைவிடக் கூடாது. ஆனால் வருவாய் என்ற ஒற்றை எண் போதாது. கையாண்ட சரக்கின் முழு மதிப்பு, அதன் நட்டத்தைத் தாங்குபவர் யார், தீர்ப்புக்கான காரணம் ஆகிய மூன்றையும் ஆண்டறிக்கைக் குறிப்பில் எளிய சொற்களில் எழுதவேண்டும். பொதுப்பணத்தில் நெல் வாங்கும் நிறுவனங்கள் இதை முதலில் செய்யட்டும்.