வாழ்நாள் சர்வாதிகாரியின் ராஜினாமா

திறந்த மூல மென்பொருளில் யார் வேண்டுமானாலும் நிரலைத் திருத்தலாம். அந்தத் திருத்தம் மூலத்தில் சேருமா என்பதை மட்டும் யாரோ சொல்லியாக வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் கால் நூற்றாண்டுக்கு மேல் அதைச் சொன்னவர் நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கிய மொழியை 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். சகாக்கள் விளையாட்டாக ‘வாழ்நாள் நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்று பட்டம் சூட்டினார்கள். நாளடைவில் அதுவே ஆட்சிமுறையும் ஆனது.

இம்முறையின் பலம் மொழியின் முகத்திலேயே தெரிகிறது. அடைப்புக்குறிகளுக்குப் பதில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே நிரலின் அமைப்பைச் சொல்லும் வழக்கம், கைடோ முன்பு உழைத்த ஏபிசி மொழியிலிருந்து வந்தது. குழு வாக்கெடுப்பில் இப்படியொரு விதி தேறியிருக்குமா என்பது சந்தேகமே. ஒருவரது ரசனை காவல் நின்றதால்தான் பலர் எழுதியும் பைத்தான் ஒரே கையெழுத்தாக இருக்கிறது. அவரிடம் பிடிவாதமும் இல்லை. 2005-இல் லாம்டா, மேப், ஃபில்டர், ரெடியூஸ் என்ற நான்கு வசதிகளையும் நீக்க விரும்பினார். எதிர்ப்புக்குப் பின் ரெடியூஸ் மட்டும் துணைத் தொகுப்பு ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது.

இதே ஆட்சியில்தான், பழைய நிரல்கள் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று 2008-இல் பைத்தான் 3 வந்தது. பழைய பதிப்புக்கு ஆதரவு முடிய 2020 ஆயிற்று. அதுவரை இரட்டைச் சுமை. ஆனால் தமிழில் வேலை செய்பவர்களுக்குப் புதிய பதிப்பு விடியல். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழைய பைத்தான் பைட்டுகளை எண்ணி 15 என்றது. புதியது 5 என்கிறது. நம் கணக்கில் மூன்று எழுத்துதான். என்றாலும் பைட்டை விட்டு எழுத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

தனியாட்சியின் குறைகள் மெதுவாக வெளிப்பட்டன. கூகுளில் இருந்தபோது கைடோவின் வேலைநேரத்தில் பாதி பைத்தானுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பங்களிப்பாளர் பலரோ அலுவலகம் முடிந்த பிறகு உட்கார்ந்தவர்கள். உள்வட்டமும் குறுகலாகவே இருந்தது. மைய நிரலாளர் குழுவில் முதல் பெண் சேர்ந்தது 2017-இல். அதற்குக் கைடோவே முன்வந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. இறுதி முடிவு ஒருவருடையது என்றால் வசவும் அவருக்கே. 2018-இல் ஒரு கணக்கீட்டுக் கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பு வழங்கும் குறியீட்டை அவர் ஏற்றபோது வெடித்த சண்டை அவரை ஓயவைத்தது. ஜூலையில் பதவி துறந்தார். வாரிசை அறிவிக்கவில்லை.

அந்த மௌனம்தான் அவருடைய ஆகச்சிறந்த பங்களிப்பு என்பேன். வாரிசைக் கைகாட்டியிருந்தால் பட்டம் மட்டும் கைமாறியிருக்கும். மாறாக, ஏழு ஆட்சிமுறை முன்மொழிவுகளை மைய நிரலாளர்கள் வாக்குக்கு விட்டு, ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தார்கள். ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் இருவருக்கு மேல் அதில் அமர முடியாது.

தனியாட்சி தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். சிறு மொழிக்கு உருவம் கொடுத்தது அதுதான். மொழி உலகளவு விரிந்த பிறகும் நீடித்ததே பிழை. பின்னர், வடிவப் பொருத்தம் என்ற வசதியைச் சேர்க்கும் முன்மொழிவில் கைடோவும் கையொப்பமிட்டு, மற்றவர்களைப் போலவே குழுவின் தீர்ப்புக்குக் காத்திருந்தார். 2021-இல் அது ஏற்கப்பட்டது. மறுக்கப்பட்டிருந்தாலும் பைத்தான் ஓடியிருக்கும்.