முழங்கால் போன காப்பர்ஃபீல்டு

சார்லஸ் டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டு விளையாட்டுப் பையனே அல்ல. கேன்டர்பரியில் படிக்கும்போது கசாப்புக்கடைப் பையன் ஒருவனோடு இரண்டு தடவை மல்லுக்கு நிற்கிறான். முதல் தடவை முகம் வீங்க அடி வாங்குகிறான். வளர்ந்த பிறகு கணக்கைத் தீர்க்கிறான். அவனுடைய விளையாட்டுச் சாதனை அத்தோடு சரி.

1849-50இல் மாதாமாதம் தொடராக வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலை பார்பரா கிங்சால்வர் 2022இல் ‘டீமன் காப்பர்ஹெட்’ என்று இன்றைய கதையாக்கினார். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசும் பிரிட்டனின் விமன்ஸ் ப்ரைஸும் வந்து சேர்ந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பவர்களுக்கு யாருக்கு யார் ஜோடி என்று பார்ப்பதில்தான் முதல் குஷி. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அநாதைச் சிறுவன் டீமனைக் கிங்சால்வர் கொண்டுபோய் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் நிறுத்தினாரே, ஆட்டத்தைத் திருப்பிய முடிவு அதுதான்.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கதை நடக்கும் லீ கவுண்டி. நிலக்கரி வேலை போய்விட்டது, புகையிலையிலும் பழைய வருமானம் இல்லை. மிச்சமிருக்கும் பெருமை வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டமும், ‘ஜெனரல்ஸ்’ என்ற பள்ளி அணியும்தான். டிக்கன்ஸில் டேவிட் தங்கிப் படிப்பது விக்ஃபீல்டு என்ற வக்கீலின் வீட்டில். அந்த வக்கீலை கிங்சால்வர் ஃபுட்பால் கோச் வின்ஃபீல்டாக மாற்றிவிட்டார். சரியான தேர்வு. அந்தக் காலத்து கேன்டர்பரியில் வக்கீலுக்கு இருந்த மரியாதை, இந்த ஊரில் கோச்சுக்குத்தானே இருக்க முடியும்? குடிப்பழக்கம் மட்டும் இருவருக்கும் பொது. வக்கீலின் குமாஸ்தா உரையா ஹீப் இங்கே யு-ஹால் என்ற உதவி கோச். கை வைப்பது அணியின் பணத்தில்.

உயரமும் உடம்பும் உள்ள டீமனுக்குக் கிடைக்கும் இடம் டைட் எண்ட். நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தாக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவர் இவர். ஒரு நகர்வில் எதிரே வரும் மலை போன்ற ஆளைத் தோளால் முட்டி நிறுத்த வேண்டும். அடுத்ததிலேயே அதே ஆளிடமிருந்து நழுவி ஓடி, தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். பந்தைப் பிடிக்கக் கை மேலே போகிற நேரத்தில் காலைக் காத்துக்கொள்ள வழியே இல்லை. முழங்காலுக்கு ஆபத்து வருவது இப்படித்தான். வளர்ப்பு வீடுகளில் பசியோடு திரிந்த ஒரு பையனின் உடம்புக்கு ஊர் முதல்முறையாக மதிப்பு கொடுப்பதும், அது உடையப்போவதும் ஒரே இடத்தில்தான் என்று கிங்சால்வர் வைத்திருக்கிறார்.

டிக்கன்ஸின் பள்ளிக்கூட நாயகன் ஸ்டீர்ஃபோர்த் இங்கே ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற குவார்ட்டர்பேக். பந்தை எறிகிறவன், கைதட்டல் முழுக்க அவனுக்கே. பையன்கள் அவன் பின்னால் போவதற்குத் தனிக் காரணம் தேவைப்படவில்லை.

டீமனின் முழங்கால் ஒரு ஆட்டத்தில் போகிறது. டிக்கன்ஸில் இதற்கு இணையான சம்பவம் கிடையாது. கிங்சால்வரின் சொந்தச் சரக்கு இது. அறுவை சிகிச்சை என்றால் ஆட்டம் போய்விடும். மாத்திரை போட்டால் களத்துக்குத் திரும்பலாம். டாக்டர் எழுதித் தருவது ஆக்ஸிகான்டின். 1996இல் பர்டூ நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வலி மாத்திரை. அதன் அடிமைத்தன ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாகப் பர்டூவின் இணை நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும் 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது இதே தென்மேற்கு வர்ஜீனியாவின் அபிங்டன் நீதிமன்றத்தில்தான். அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல்.

இங்கேதான் கிங்சால்வர் டிக்கன்ஸைத் தாண்டுகிறார் என்பேன். மூல நாவலில் டேவிட்டைப் பிரம்பால் விளாச மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டோன் இருக்கிறார், குழிபறிக்க ஹீப் இருக்கிறான். வாசகனுக்குத் திட்ட ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. டீமனை மாத்திரைக்குள் தள்ளும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்களோ அவனை விரும்புகிறவர்கள். கோச் கெட்டவர் அல்ல. கூட்டமும் அவன் பேரைத்தான் கத்துகிறது. எல்லோரையும் விட அவசரம் டீமனுக்குத்தான். ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கிய வீரர்களை ‘தியாகி’ என்று நாமே எத்தனை தடவை எழுதியிருக்கிறோம்! விளையாட்டைப் பற்றி எழுதும் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த அத்தியாயங்கள் கொஞ்சம் கசக்கும்.

கடைசிப் பகுதியில் வேகம் குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிக்கன்ஸ், யார்மத் கடற்கரைப் புயலில் ஸ்டீர்ஃபோர்த்தையும் அவனைக் காப்பாற்றப்போன ஹாம் என்ற இளைஞனையும் மூழ்கடித்தார். கிங்சால்வரும் மலைக்குள் இருக்கும் டெவில்ஸ் பாத்டப் என்ற நீர்ச்சுனைக்கு ஆட்களை அழைத்துப்போய் அதே கணக்கை முடிக்கிறார். மழையும் வெள்ளமும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் டிக்கன்ஸைப் படித்தவருக்கு யார் பிழைக்கமாட்டார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். முழங்கால் போன ஆட்டத்தில் அப்படி எதுவும் தெரியாது. அடுத்து என்ன என்று பக்கத்தைப் புரட்ட வைத்ததும் அதுதான். மூலத்தின் ஸ்கோர்கார்டை மூடிவைத்த இடங்களில் கிங்சால்வர் ஜெயிக்கிறார், திறந்து வைத்துக்கொண்டு ஆடிய இந்த இடத்தில் டிராதான்.