நரை இல்லாதவர் ஏன் வடக்கிருந்தார்?

புறநானூற்றின் 191ஆம் பாட்டு ஏறாத மேடை இல்லை. அறுபதாம் கலியாணத்திலும் பட்டிமன்றத்திலும் அதை ஒரே காரியத்துக்குத்தான் எடுக்கிறார்கள்: கவலையற்றவனுக்குத் தலை நரைக்காது என்று சொல்ல. மனைவி மக்கள் குணம் நிரம்பியவர்கள், ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர்கள், அரசன் அல்லாதவை செய்யான், ஊரில் அடங்கிய சான்றோர் பலர். ஆகவே ஆண்டு பலவாகியும் நரை இல்லை என்கிறார் பிசிராந்தையார். நல்ல குடும்பத்துக்கும் நல்லாட்சிக்கும் கொடுத்த நற்சான்றாக இது நிலைத்துவிட்டது. சாவை எதிர்கொள்ளும் பாட்டாக இதைப் படித்தவர்கள் குறைவு. அப்படிப் படிக்க இடம் தருவது பாட்டோடு ஏட்டில் வந்த பழைய குறிப்பே.

அந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1894இல் புறநானூற்றை அச்சிட்டவர் தஞ்சை மண்ணின் உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே. சாமிநாதையர். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 191இன் கீழுள்ள குறிப்பின்படி, பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனிடம் வந்தபோது அங்கிருந்த சான்றோர் வியந்து கேட்கிறார்கள்: உம்மைப் பற்றிக் கேள்விப்பட்டு எத்தனையோ காலமாயிற்று, இன்னும் நரை காணோமே. அதற்கு அவர் சொன்ன விடைதான் பாட்டு. கேள்வி எழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும். உறையூரை ஆண்ட சோழன் மேல் அவன் மக்களே படையெடுத்து வந்தார்கள். வென்றால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய், தோற்றால் பழியல்லவா என்று புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார் (213). அரசன் போரை விட்டான். வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். பாண்டி நாட்டிலிருந்து ஆந்தையார் வந்து சேர்ந்தது அந்த இடத்துக்கு. அவரும் அங்கேயே வடக்கிருந்தார்.

தொகுப்பின் அமைப்பே இந்தத் தொடர்பை மறைத்துவிட்டது. கோப்பெருஞ்சோழனின் முடிவைச் சொல்லும் பாட்டுகள் 213 முதல் 223 வரை ஒன்றாக நிற்க, 191 மட்டும் தள்ளிப்போய், கணியன் பூங்குன்றனார் பாட்டுக்கு முந்திய பாட்டாக, வாழ்க்கையைப் பற்றிய சிந்தனைகளின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. உரைகாரர்களும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிகம் முனையவில்லை. முகம் காணாமலே வளர்ந்த நட்புக்கு இந்த இருவரையும் பரிமேலழகர் குறள் உரையில் எடுத்துக்காட்டினார். பின்வந்தவர்கள் பெரும்பாலும் நட்பு என்ற அந்தத் தடத்திலேயே நடந்தார்கள். ஔவை துரைசாமிப் பிள்ளை ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே புலவர் வரலாறும் சூழலும் எழுதி இழைகளை நெருக்கிக் கொடுத்தார். பாரதிதாசன் இந்தக் கதையை நாடகமாக்கினார். அவர் மறைந்தபின் 1969இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது அந்த நாடகம்தான்.

பழைய குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பது தனி வழக்கு. ஆய்வாளர் கைலாசபதி 1968இல் இந்தப் பாட்டுகளைப் பாணர்களின் வாய்மொழி மரபில் வைத்து, கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டார். ஹெர்மன் டீக்கன் 2001இல் இன்னும் தூரம் போய், இவை பிற்காலத்தார் பழங்காலத்தைக் கற்பனை செய்து இயற்றியவை என்றார். ஜார்ஜ் ஹார்ட் அதைக் கடுமையாக மறுத்தார். என் சாய்வு ஹார்ட் பக்கம். குறிப்புகள் பிந்தியவை என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றை எழுதியவர்தான் இந்தப் பாட்டின் முதல் விமரிசகர். அவர் காதில் நரை பற்றிய இந்தப் பேச்சு சாவுக்குத் துணிந்தவன் அருகில் ஒலித்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் படிக்க நியாயமில்லை.

சேர்த்துப் படித்தால் தெரிவது இது. ஆந்தையார் அடுக்கும் பேறுகளில் முதலிடம் மனைவி மக்களுக்கு. அதை அவர் சொல்லும் இடத்தில்தான் பெற்ற மக்களே பகையான ஒருவனின் முடிவு நடக்கிறது. எல்லாம் வாய்த்த முதியவரும் வாய்த்ததை இழந்த முதியவரும் ஒரே இடத்தில் அமர்கிறார்கள். நிறைவு மட்டுமே ஒருவனைச் சாவுக்கு அணியமாக்கும் என்றால் சோழனுக்கு அது முடியாது. இழப்பு மட்டுமே என்றால் ஆந்தையாருக்கு அங்கே வேலை இல்லை. சோழன் தானே பாடிய 214ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும். நல்வினைக்கு விண்ணுலகம் கிடைக்கலாம், பிறவாமை கிடைக்கலாம், இரண்டும் இல்லாவிட்டாலும் புகழோடு சாவது நன்று என்று அவன் கணக்குப் பார்க்கிறான். இரண்டு பாட்டுக்கும் துறை ஒன்றே, பொருண்மொழிக் காஞ்சி. தொகுத்தவர்கள் பிரித்து வைத்தவற்றைத் துறை வகுத்தவர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

இடத்தையும் மறக்கக் கூடாது. 219ஆம் பாட்டு, ஆறு கிளை பிரியும் இடத்தில், புள்ளி புள்ளியாய் விழும் மர நிழலில் சோழனின் உடல் வாடி உலர்வதைக் காட்டுகிறது. நம் காவிரியில் கோடையில் தெரியும் மணல் திட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிழல் கண்ணுக்குள் வரும். இதே டெல்டாவில் இன்னொரு வடக்கிருத்தல் உண்டு. தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் உள்ள கோயில்வெண்ணிதான் பழைய வெண்ணிப் போர்க்களம். கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். வென்றவனிடமே அவன் உன்னிலும் நல்லவன் அல்லவா என்று வெண்ணிக் குயத்தியார் கேட்டார் (66). அங்கே நாணம் ஒரே காரணமாக நிற்கிறது. உறையூர்ச் சோழனிடம் அதோடு மூப்பும் நட்பும் மறுமை பற்றிய ஐயமும் கலந்திருக்கின்றன.

இவை எல்லாவற்றிலும் என்னை விடாமல் பிடிப்பது கோப்பெருஞ்சோழனின் நண்பரான புலவர் பொத்தியார். கூடவே சாக வந்த அவரை, மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா என்று அரசன் திருப்பி அனுப்பினான். வெறும் உறையூரைக் கண்டு, வளர்த்த யானை இறந்த கூடத்தில் கட்டுத்தறியைப் பார்த்து அழும் பாகனைப் போல அழுதேன் என்கிறார் (220). மகன் பிறந்தபின் திரும்பி வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பனிடமே, எனக்கு எது இடம் என்று கேட்கிறார் (222). அடுத்த பாட்டில் அவருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. புதுக் குழந்தையின் தகப்பன் அவர். முதுமை தொடாதவனும் அங்கே வந்து அமர்ந்ததை உரைகள் நட்பின் பெருமை என்று கடந்துபோகின்றன. அந்தத் தாயும் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று எந்த உரையும் கேட்டு நான் படித்ததில்லை.

191ஐ வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதன் கீழுள்ள குறிப்பையும் படித்துக் காட்டுங்கள். 214ஐயும் 222ஐயும் அதே நாளில் நடத்துங்கள். மூன்றும் சேர்ந்தே ஐம்பது அடிகளுக்கு உள்ளேதான் வரும்.