இருட்டில் ஒளிரும் தோல்

தட்டில் வளர்த்த தோல் செல்களைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிபோல் வெளிறிக் கிடக்கும். ஒளிர்சாயம் ஏற்றினால்தான் அவற்றின் அழகு புலப்படும். டாப்பி என்ற சாயம் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு, புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்கிறது. கொடிய நச்சுக் காளானிலிருந்து எடுக்கும் ஃபல்லாய்டின், தன்னோடு கோத்த சாயத்தைச் சுமந்துகொண்டு, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளைத் தேடிப் பிடிக்கிறது. நஞ்சையே விளக்காக்கிய அறிவை என்னவென்று சொல்வது!

ஆனாலும் நான் பெரிதாக மதிப்பது குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளில் சாயத்தைக் கோத்து அனுப்பும் முறையைத்தான். 1940களில் அமெரிக்காவின் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கிவைத்தது அது. அதன் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஹூலியோ செலிஸ் குழுவினர் மனிதத் தோலின் கெரட்டினோசைட் செல்களில் உள்ள புரதங்களைப் பொறுமையாகப் பட்டியலிட்டார்கள். சொரியாசிஸ் கண்ட தோலில் மிகுந்திருந்த ஒரு புரதத்தை 1991இல் விவரித்து, சொரியாசின் என்று பெயர் வைத்தார்கள். இன்னின்ன புரதம் உண்டு என்று பட்டியல் சொல்லும். அது செல்லின் எந்த மூலையில் இருக்கிறது என்று காட்டச் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் வேண்டும்.

கைப்பக்குவமெல்லாம் கழுவுவதில் இருக்கிறது. ஒட்டாத சாயம் தங்கிவிட்டால் எல்லா இடமும் மினுங்கும். புரதத்தைப் பற்றும் முதல் எதிர்ப்பொருளை விட்டு, அதன்மேல் ஒட்டவேண்டிய சாயம் ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருளை மட்டும் இட்ட தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பத் தகாதது.