சூள் யார் கூற்று? தாவீதின் அரசுரிமை வரலாற்றில் ஆசிரியரின் வாய்வாளாமை

பண்டை யூத அரசர் வரலாறு கூறும் பகுதிகளுள், தாவீதுக்குப் பின் அரசு யாருக்கு உரியதாயிற்று என்பதனைக் கூறும் பகுதி தனிச் சிறப்புடையது. 2 சாமுவேல் 9 முதல் 20 வரையுள்ள அதிகாரங்களும், 1 இராஜாக்கள் 1, 2 ஆகிய அதிகாரங்களும் ஒரு தொடர் வரலாறாக முன்னர் வழங்கின என 1926-இல் செருமானிய அறிஞர் ரோஸ்ட் நிறுவ முற்பட்டார். அது சாலொமோனின் பெருமைக்கென எழுதப்பட்டது என்பது அவர் கொள்கை. 1968-இல் வைப்ரே, சாலொமோன் ஆட்சிக்கு ஆதரவு தேடும் அரசியல் நோக்கம் அதன்கண் உண்டு என்றார். 1981-இல் மெக்கார்ட்டர் அதனை அரண்மனையின் தற்காப்புரை எனக் கொண்டார். இவர்க்கு மறுதலையாக, அது சாலொமோனைப் பழிப்பதற்கே எழுந்தது என 1967-இல் டெலெகாட் எழுதினார். இருதிறத்தாரும் ஒன்றில் உடன்படுவர்: ஆசிரியர் ஒரு பக்கம் சார்ந்தவர் என்பதே அது. அவ்வுடன்பாடு பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குரிய நிகழ்ச்சி இது. தாவீது முதுமையால் தளர்ந்து படுக்கையில் இருக்கிறான். மூத்தோருள் அம்னோனும் அப்சலோமும் மாண்டனர். நான்காம் மகன் அதோனியா அரசு தனதாகும் என எண்ணித் தேரும் குதிரைவீரரும், முன்னோடும் ஐம்பது ஆடவரும் சேர்க்கிறான். படைத்தலைவன் யோவாபும் குரு அபியத்தாரும் அவன் பக்கத்தினர். இன்ரோகேல் ஊற்றின் அருகே அவன் விருந்து செய்கிறான். சாலொமோனும் தீர்க்கதரிசி நாத்தானும் அழைக்கப்பெறவில்லை. நாத்தான் சாலொமோனின் தாய் பத்சேபாளிடம் செல்கிறான். அவள் அரசனிடம் செல்கிறாள். அன்றே கீகோனில் சாலொமோன் அரசனாகத் திருமுழுக்குப் பெறுகிறான்.

இம்மாற்றம் முழுவதும் ஒரு சூளின்மேல் நிற்கிறது. சாலொமோனே தனக்குப் பின் ஆள்வான் எனத் தாவீது பத்சேபாளுக்கு முன்னர் ஆணையிட்டிருந்தான் என்பதே அது. அச்சூள் இந்நிகழ்ச்சிக்கு முன் யாண்டும் கூறப்படவில்லை. சாலொமோன் பிறந்தபோது ஆண்டவர் அக்குழந்தையிடம் அன்பு கொண்டார் என ஆசிரியர் கூறுகிறார்; அரியணையைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை.

அகப்பாடல் பயில்வோர் முதற்கண் வினவுவது, இது யார் கூற்று என்பதே. அவ்வினாவை ஈண்டும் எழுப்புவோம். சூள் முதலில் நாத்தானின் வாயில் தோன்றுகிறது. அரசனிடம் இவ்வாறு கேள் எனப் பத்சேபாளுக்குக் கற்பிக்குமிடத்து, அவன் அதனை வினாவாகவே அமைக்கிறான். அரசன்முன் நின்ற பத்சேபாள் வினாவை நீக்கி, நீர் ஆணையிட்டீர் என்னும் பொருள்பட உறுதியாகக் கூறுகிறாள். நாத்தான் சொல்லாத ஆண்டவர் பெயரையும் சேர்க்கிறாள். பின் வந்த நாத்தானோ சூளைப் பற்றி வாயே திறவான். அதோனியா ஆளட்டும் என அரசர் கூறினீரோ என்றே வினவுகிறான். இறுதியில் தாவீது, இஸ்ரவேலின் கடவுள் பெயரால் தான் ஆணையிட்டதாகத் தானே கூறுகிறான். வினாவாகத் தோன்றியது உறுதியுரையாகி, அரச ஆணையாக முடிந்தது. இவற்றுள் ஒன்றேனும் ஆசிரியர் கூற்று அன்று.

விருந்தைப் பற்றிய செய்தியும் இத்தகையதே. அதோனியா தன்னை உயர்த்திக்கொண்டான், பலியிட்டான், உடன்பிறந்தாரை அழைத்தான் என்ற அளவில் ஆசிரியர் நிறுத்துகிறார். அவன் அரசனாகிவிட்டான் என்பது நாத்தான் பத்சேபாளுக்குக் கூறியது. விருந்தினர் அவனை அரசன் என வாழ்த்தி முழங்குகின்றனர் என்பதும் நாத்தான் தாவீதுக்குக் கூறியதே. அவ்வாழ்த்தொலியை ஆசிரியர் நமக்குக் கேட்பிக்கவில்லை.

இதனால் சூள் பொய் என முடிவுகட்டல் பொருந்தாது. அது தனியிடத்தில் நிகழ்ந்திருக்கலாம். நாத்தான் அதனை அறிந்திருக்கலாம். நாம் கூறுவது இதுவே: உண்மை என்றோ பொய் என்றோ ஆசிரியர் கூற விரும்பவில்லை. கூற அறியாதவர் அல்லர் அவர். 1944-இல் வான் ராட் எடுத்துக்காட்டியவாறு, ஆண்டவரின் கருத்தை அவர் தம் வாயாலேயே கூறும் இடங்கள் மூன்று உள. பத்சேபாளைக் கவர்ந்த செயல் ஆண்டவர்க்குத் தீயதாயிற்று என்பது ஒன்று. சாலொமோனிடம் அவர் அன்பு கொண்டது மற்றொன்று. அகித்தோப்பேலின் சூழ்ச்சியை அவர் அவமாக்கியது பிறிதொன்று. வேண்டுமிடத்து வாய் திறப்பவர் இவ்விடத்து வாய்வாளாதிருந்தமை கருதத்தக்கது.

தற்காப்புரை என்பது யாது என அறிய, அசீரிய அரசன் எசரத்தோனின் கல்வெட்டுரை உதவும். அவனும் இளையவன், மூத்தோரை விலக்கி அரசு பெற்றவன். அவன் தந்தை சனகெரிப் கி.மு. 681-இல் கொலையுண்டான். தந்தை தெய்வங்களிடம் குறி கேட்டதும், தெய்வங்கள் உடன்பட்டதும், உடன்பிறந்தாரும் அசீரிய மக்களும் கூடிச் சூளுற்றதும் ஆகிய யாவற்றையும் அவன் தன் கூற்றாகவே பொறித்தான். உரிமைக்கு ஆதாரமான சூள் அங்குப் பலர் அறிய நிகழ்கிறது. தந்தையின் கொலையோ அவ்வுரையில் வெளிப்படையாக இல்லை. தனக்கு வேண்டியதை உரக்கச் சொல்லி, இடரானதை மறைத்தலே தற்காப்புரையின் இயல்பு.

யூத இலக்கியத்துள்ளும் இதற்கொத்த பகுதி உண்டு. பிற்காலத்து நாளாகமம் இதே அரசுரிமையைக் கூறுகிறது. அங்குத் தாவீது தலைவர்களைக் கூட்டி, தன் மக்கள் பலருள் சாலொமோனையே ஆண்டவர் தெரிந்துகொண்டார் என அறிவிக்கிறான். அரசகுமாரர் அனைவரும் சாலொமோனுக்கு அடங்குகின்றனர். அதோனியாவின் பெயர் தாவீதின் மக்கள் பட்டியலில் உண்டு. அவன் விருந்தோ, பத்சேபாளின் வேண்டுகோளோ இல்லை. சாலொமோனின் உரிமையை ஐயமற நிறுவ விழைந்தவர் எவ்வாறு எழுதுவர் என்பதற்கு நாளாகமமே சான்று. நம் ஆசிரியர் அவ்வாறு எழுதவில்லை.

எனின், டெலெகாட் கூறியவாறு இது பழிப்புரையோ எனின், அதுவும் அன்று. பழிப்பார் குற்றத்தைக் கூறுவர். இவர் காட்டி அமைகிறார். யோவாபின் கொலை இதற்கு நல்ல சான்று. அப்னேரும் அமாசாவும் சிந்திய இரத்தத்திற்கு ஈடாகவே அவன் கொல்லப்பட வேண்டும் எனச் சாலொமோன் கூறுகிறான். தாவீதின் இறுதியுரையும் அதுவே. ஆனால் யோவாப் பலிபீடத்துக்கு ஓடுமிடத்து ஆசிரியர் தம் கூற்றாக ஒரு செய்தியை இடையில் வைக்கிறார்: அவன் அப்சலோமைப் பின்பற்றாதவனாயினும் அதோனியாவைப் பின்பற்றினான் என்பதே அது. அரசன் கூறும் காரணம் ஒன்று. ஆசிரியர் அருகில் வைக்கும் காரணம் வேறொன்று. இவற்றுள் எது உண்மை என அவர் தீர்ப்புக் கூறவில்லை. அபிஷாகைத் தனக்கு மனைவியாகக் கேட்ட அதோனியா அதனாலேயே மாண்டான். அவ்வேண்டுகோளைச் சாலொமோனிடம் கொண்டு சென்ற பத்சேபாள் யாது கருதினாள் என்பதனையும் ஆசிரியர் கூறவில்லை.

இவ்வரலாறு தோன்றிய காலம் இன்னும் முடிவாகவில்லை. சாலொமோன் காலத்தது என ரோஸ்ட் கொண்டார். நாடுகடத்தலுக்குப் பிற்பட்டது என 1983-இல் வான் சீட்டர்ஸ் வாதிட்டார். நம் முடிவு அவ்வாராய்ச்சியைச் சார்ந்து நிற்பதன்று. எக்காலத்து எழுந்ததாயினும், அரசுரிமைக்கு அடிப்படையான சூளை ஆசிரியர் தம் கூற்றாக்கவில்லை என்பது நூலினுள்ளேயே கிடக்கும் சான்று.

ஆகலின், வென்றவன் பெயரால் முடியும் நூல் வென்றவனுக்காகவே எழுதப்பட்டது என்னும் எளிய அளவுகோல் ஈண்டுப் பயன்படாது. நூலின் இறுதி ஒன்றைச் சொல்ல, கூற்றுகளின் அமைப்பு வேறொன்றைக் கேட்கிறது. அரசு சாலொமோன் கையில் உறுதிப்பட்டது என்பதனை ஆசிரியர் மறைக்கவில்லை. எத்தனை உயிர்களின்மேல், யார் சொல்லின்மேல் உறுதிப்பட்டது என்பதனையும் மறைக்கவில்லை. அரசவை சார்ந்த எந்நூலை ஆராயும் மாணவரும், அது யாரைப் புகழ்கிறது என வினவுமுன், அதன் அடிப்படைச் செய்தியை யார் வாயில் வைத்துள்ளது என வினவுதல் வேண்டும்.