நெரிசலை அளக்காத நியாயம்

வரம்பற்ற இணையத் திட்டங்களின் மேல் விதிக்கப்படும் 'நியாயப் பயன்பாட்டுக் கொள்கை'யை ஆதரித்துப் பேசுவது படித்தவர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. சிலர் அல்லும் பகலும் படங்களை இறக்கிக்கொண்டே இருந்தால் மற்றவர்களுக்கு வேகம் குன்றிப் போகும், ஆகையால் அந்தச் சிலரை ஓர் அளவுக்கு மேல் போகவொட்டாமல் தடுப்பது பொதுநலத்தை உத்தேசித்த காரியமே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இது தர்மமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பாலக்காட்டின் எல்லைக் கிராமங்களிலும் இடுக்கியின் தேயிலை மலைகளிலும் இந்தக் கொள்கை யாரைத் தடுக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு, அந்த வாதம் எத்தனை மேலோட்டமானது என்பது விளங்காமற் போகாது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். அலைக்கற்றை அளவுக்குட்பட்ட சொத்து. ஒரு கோபுரத்தின் திறனை அதன் எல்லைக்குள் இருக்கிற அத்தனை பேரும் பங்கிட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஓர் இணைப்பை வாங்கிப் பத்து வீடுகளுக்கு விற்கிறவனைத் தடுக்க ஒரு விதி வேண்டும் என்பதிலும் ஆட்சேபம் இல்லை. கட்டணம் மலிவாக இருப்பதற்கும் வரம்பு ஓரளவு காரணமாக இருக்கலாம்.

என் ஆட்சேபம் வேறு. மிகுந்த உபயோகத்தால் விளைகிற தீங்கு என்று சொல்லப்படுவது நெரிசல்; நெரிசலோ குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு வேளையில் நேர்கிறது. மாலையில் வேலை முடிந்து எல்லோரும் கைப்பேசியைக் கையில் எடுக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு கோபுரம் திணறலாம்; பின்னிரவு இரண்டு மணிக்கு அதே கோபுரம் ஏறத்தாழச் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஒருவன் பத்து ஜிபி இறக்கினாலும் அண்டை வீட்டானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாலை நெரிசலில் எல்லோரோடும் சேர்ந்து படம் பார்க்கிறவன், நாளைக்கு ஒரு ஜிபியோடு நின்றுகொண்டாலும், நெரிசலுக்குத் தன் பங்கைச் செலுத்தத்தான் செய்கிறான். நம்முடைய கொள்கை முன்னவனைத் தண்டித்துப் பின்னவனைத் தீண்டாமல் விடுகிறது. ஏனெனில் அது ஜிபியை எண்ணுகிறதேயன்றி நெரிசலை அளப்பதில்லை. எண்ணிக்கையை நம்புகிறவர்கள் மலைப்பாங்கான ஊர்களின் நிலையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கோபுரத்துக்கு அருகில் இருப்பவனுக்கு ஒரு ஜிபியைக் கொண்டுசேர்க்க ஆகும் அலை நேரத்தைவிட, குன்றுக்கு அப்பால் மெல்லிய சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அதே ஒரு ஜிபியைக் கொண்டுசேர்க்கப் பன்மடங்கு அதிக நேரம் பிடிக்கிறது. எனவே ஒருவன் பிறர்மேல் ஏற்றுகிற பாரத்துக்கு ஜிபிக் கணக்கு எவ்விதத்திலும் அளவுகோல் ஆகாது.

இது என் சொந்தக் கற்பனை அன்று. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், வரம்பற்ற திட்டம் என்று விற்றுவிட்டு, 2011 முதல் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய சந்தாதாரர்களின் வேகத்தைக் குறைத்தது. அப்பொழுது வலையமைப்பில் நெரிசல் உண்டா இல்லையா என்று பாராமலேயே குறைத்தது என்பது 2014-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019-இல் 6 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வேறு வழி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே நாட்டில் காம்காஸ்ட் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முறையை அமல்படுத்தியது: ஒரு பகுதியின் இணைப்பு நெரிசலை நெருங்கிவிட்டது என்று கண்டால் மட்டும், அந்தச் சமயத்தில் மிகுதியாக உபயோகித்துக்கொண்டிருப்பவரின் போக்குவரத்தைச் சற்று நேரம் பின்வரிசைக்குத் தள்ளுவது, நெரிசல் தணிந்ததும் பழைய நிலைக்கு விட்டுவிடுவது. யந்திரங்களுக்கு இது அன்றே சாத்தியமாயிருந்தது என்றால், இன்று ஏன் ஆகாது?

இனி நம் மலைகளுக்கு வருவோம். கேரள அரசின் இணையச் சேவையான கே-ஃபோன் 2023 ஜூன் 5-ஆம் தேதி தொடங்கியபோது 299 ரூபாய்த் திட்டத்தில் மாதத்துக்கு 3000 ஜிபி என்று அறிவித்தது. கம்பி வந்து சேர்ந்த வீட்டுக்கு அது அனுபவத்தில் வரம்பே அன்று. கம்பி எட்டாத எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் தேயிலைத் தொழிலாளி, 2024 ஜூலையில் ஜியோ விலை உயர்த்தியபின் 349 ரூபாய் கொடுத்து வாங்குவது நாளுக்கு 2 ஜிபி, 28 நாளுக்கு 56 ஜிபி. அந்த ஒரு சிம்தான் வீடு முழுவதற்கும் இணையம். அதே 349 ரூபாயைக் கொடுக்கிற பாலக்காட்டு நகரவாசிக்கு 5ஜி கிடைப்பதால் கணக்கின்றி உபயோகிக்கலாம். 4ஜி மட்டுமே எட்டுகிற எஸ்டேட்காரனுக்கு இரண்டு ஜிபியோடு கதவு சாத்தப்படுகிறது. 5ஜி கோபுரத்துக்குத் திறன் அதிகம் என்பது மெய். அப்படியானால் குறைந்த சேவைக்குச் சமமான விலை வாங்கிக்கொண்டு, அதற்கு நியாயம் என்று பெயர் சூட்டுவது எந்த நியாயம்?

வரம்பு தாண்டியபின் எஞ்சும் வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட். ஒரு மெகாபைட் இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆசிரியர் அனுப்பிய பாடப் பக்கத்தின் படம் நான்கு மெகாபைட் இருந்தால் எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபர் 31-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு, வரம்பு கடந்த பின்னும் 512 கிலோபிட்டுக்குக் கீழே வேகத்தைக் குறைக்கலாகாது என்றது. மிக நல்ல உத்தரவு; ஆனால் அது நிலையான இணைப்புகளுக்கு மட்டுமே உரியது. கம்பி உள்ளவனுக்கு ஒரு தரை அமைத்துக் கொடுத்து, கம்பி இல்லாதவனை அதில் எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு விழவிட்டிருக்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது மலையாளவழிப் பிள்ளைகளுக்குக் கேரள அரசின் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் யூடியூப் வழியாகவே வந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசியின் நாளளவு உச்சிவேளைக்குள் தீர்ந்துபோனால், அந்தக் குடும்பத்தை 'மிகை உபயோகக்காரர்' என்று எந்த மனச்சாட்சி உள்ளவர் அழைப்பார்? கொள்கை அழைத்தது. ஒரு குடும்பத்துக்கும் ஒரு தனிமனிதனுக்கும் உள்ள பேதத்தை அறியாத கொள்கைக்கு நியாயம் என்ற அடைமொழி பொருந்தவே பொருந்தாது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

2023 ஜனவரியில் மத்திய அரசே அகன்ற அலைவரிசைக்குக் குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் என்று வரையறுத்துவிட்டது. ஆகவே டிராய் அமைப்பு தன் 2016-ஆம் ஆண்டு உத்தரவைக் கைப்பேசி இணைப்புகளுக்கும் விரிவாக்கி, கோபுரத்தில் நெரிசல் உள்ள வேளையில் அன்றி வேகத்தைக் குறைக்கலாகாது என்று விதிக்க வேண்டும். கேரளத்தின் மக்களவை உறுப்பினர்கள், முக்கியமாக இடுக்கியையும் பாலக்காட்டையும் பிரதிநிதித்துவம் செய்கிறவர்கள், இதைத் தங்கள் தொகுதிக் கோரிக்கையாகவே எழுப்ப வேண்டும்.